செய்யாறு பொங்கும் மாகறலும், தண்ணீர் குடித்த டீசல் காரும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், ஓரிக்கை தாண்டிப் பாலாற்றைக் கடந்து, களக்காட்டூர், ஆற்பாக்கம் வழியே சுமார் 16 கிலோமீட்டர் போனால் மாகறல் வருகிறது. சுற்றிலும் வயல்கள், பனைமரங்கள். ஊரை ஒட்டிச் செய்யாறு. அதன் வடகரையில் திருமாகறலீஸ்வரர் கோயில். திருஞானசம்பந்தர் பாடிய தலம். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்களின் வரிசையில் 7-வது. 8-வது தலமான திருவோத்தூரும் இதே ஆற்றின் கரையில்தான், மேற்கே செய்யாறு நகரில் இருக்கிறது.

பொன்னிற உடும்பு ஒன்றைச் சோழ மன்னன் துரத்தி வர, அது புற்றுக்குள் நுழைந்து மறைந்ததாம். அந்த இடத்தில் வெளிப்பட்ட லிங்கம் உடும்பின் வால் போலவே இருப்பதாகத் தலபுராணம் சொல்கிறது. அதனால் இவருக்கு உடும்பீசர் என்றும் பெயர். இன்னொரு பெயர், அடைக்கலம் காத்த நாதர். அம்பாள் திரிபுவனநாயகி. பட்டுச்சேலை எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்களில் பலர், காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் வரதரையும் சேவித்த கையோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் இந்த அமைதியான கோயிலையும் பார்த்துவிடலாம்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் சாமியைக் கும்பிடுவதோடு ஆற்றின் நிலவரத்தையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மணலாறு வெள்ளமாகும் மாதங்கள்

ஜவ்வாது மலையில் பிறந்து வரும் செய்யாறு, ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணல்தான். ஆடு மாடுகள் குறுக்கே நடந்து போகும். வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் அதே ஆறு கரை தொட்டு ஓடும். மலையில் பெய்த மழை இங்கே வந்து சேர நேரமாகும் என்பதால், மாகறலில் வெயில் அடிக்கும்போதுகூட ஆற்றில் நீர் ஏறிக்கொண்டிருக்கலாம். கிழக்கே திருமுக்கூடலில் இது பாலாற்றோடு கலக்கிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுவதால்தான் அந்த ஊருக்கு அப்படிப் பெயர்.

2021 நவம்பரில் இந்த ஆறுகளின் முழு பலத்தையும் காஞ்சிபுரம் மாவட்டம் பார்த்தது. பாலாற்றில் பல பத்தாண்டுகளாகக் காணாத வெள்ளம். மாகறலுக்கு அடுத்த வெங்கச்சேரியில் செய்யாற்றின் குறுக்கே இருந்த தரைப்பாலம் சேதமடைந்து, காஞ்சிபுரம் - உத்திரமேரூர் போக்குவரத்து தடைபட்டது. பள்ளிக்கும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் சுற்றுப் பாதையில் அலைய வேண்டியதாயிற்று.

தரைப்பாலம் என்பது ஆற்றுப் படுகையை ஒட்டியே போடப்படும் சாலை. கோடையில் அது வெறும் ரோடு. வெள்ளத்தில் அது ஆற்றின் ஒரு பகுதி. மேலே ஒரு முழம் தண்ணீர் ஓடும்போது, அடியில் பாலம் முழுசாக இருக்கிறதா, நடுவில் ஓரிடம் அரித்துப் போயிருக்கிறதா என்று கரையில் நிற்கிறவருக்குத் தெரியாது. சுமார் 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஓடும் நீரே சிறிய காரை மிதக்கவைக்கப் போதும். 60 சென்டிமீட்டர் என்றால் பெரும்பாலான வண்டிகளை, பெரிய எஸ்.யூ.வி. உள்பட, இழுத்துக்கொண்டு போய்விடும். வண்டி கனமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே காற்று அடைந்த தகரப் பெட்டி தண்ணீரில் மிதக்கத்தானே செய்யும்?

கல்யாண முகூர்த்தங்கள் வரும் ஐப்பசியும் கார்த்திகையும்தான் மழை மாதங்களும். குழித்தறிக்குள் நீர் ஊறி நெசவாளர் கை கட்டி உட்கார்ந்திருக்கும் அதே வாரத்தில், முகூர்த்தப் பட்டு எடுக்க வெளியூர்க் கார்கள் நகருக்குள் வந்துகொண்டிருக்கும். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரத்தில்தான், “நம்ம வண்டி டீசல், போய்விடும்” என்ற நம்பிக்கை பிறக்கிறது.

டீசல் மீது ஏன் இந்த நம்பிக்கை?

அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. பெட்ரோல் இன்ஜின் எரிய ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி வேண்டும். பழைய பெட்ரோல் கார்களில் ஒயரிலும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் நீர் தெறித்தாலே வண்டி நின்றுவிடும். டீசலுக்குத் தீப்பொறி வேண்டாம். காற்றை நெருக்கி அழுத்துவதில் வரும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். அதனால்தான் டிராக்டரும் பழைய டீசல் ஜீப்பும் சேற்றிலும் தண்ணீரிலும் அசராமல் ஓடுவதைக் கிராமத்தில் பார்க்கிறோம்.

அந்த அழுத்தம்தான் ஆபத்தும். சாலையில் நிறையவே ஓடும் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4 சிலிண்டர்கள், மொத்தம் 1,248 சிசி. ஒரு சிலிண்டருக்கு 312 சிசி. அழுத்த விகிதம் 17.6-க்கு 1. கணக்குப் போட்டால், பிஸ்டன் மேலே ஏறி நிற்கும்போது மிச்சம் இருக்கும் இடம் சுமார் 19 மில்லிலிட்டர்தான். நாலு டீஸ்பூன்கூட இல்லை!

காற்றை அந்த இடத்துக்குள் நெருக்கி அடைக்கலாம். தண்ணீரை நெருக்க முடியாது. நாலு டீஸ்பூனுக்கு மேல் நீர் உள்ளே போய்விட்டால், மேலே வரும் பிஸ்டன் கல்லில் இடித்தது போல் நிற்கும். கீழே கிராங்க் இன்னும் சுற்றப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் கனெக்டிங் ராடு வளையும். சில சமயம் உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். மெக்கானிக்குகள் இதை “ஹைட்ரோ லாக்” என்கிறார்கள். நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 16 முறைக்கு மேல் காற்றை இழுக்கிறது. டிரைவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நீர் எந்த வழியாகப் போகிறது? சைலன்சர் வழியாக என்று பலர் நினைத்து, ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே போகிறார்கள். ஓடும் இன்ஜினிலிருந்து புகை வேகமாக வெளியே தள்ளுவதால் அந்தப் பக்கம் நீர் எளிதில் ஏறாது. உண்மையான வாசல் முன்பக்கம் இருக்கிறது. பல கார்களில் காற்றை உறிஞ்சும் குழாயின் வாய், முன் கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் உயரத்தில் இருக்கும். தேங்கிய நீர் அந்த உயரத்துக்கு வராவிட்டாலும், வேகமாகப் போனால் பம்பருக்கு முன்னால் எழும் அலை வந்துவிடும். எதிரே ஒரு பஸ் வந்தால் கேட்கவே வேண்டாம்.

நின்றுபோன அந்த நிமிடம்

நீரின் நடுவே இன்ஜின் நின்றுபோனால், எல்லார் கையும் தானாகச் சாவிக்கோ ஸ்டார்ட் பட்டனுக்கோதான் போகும். அதைத்தான் செய்யக்கூடாது. இன்ஜின் நின்ற வேகத்தில் ராடு தப்பியிருந்தாலும், அடுத்து அடிக்கும் ‘செல்ஃப்’ அதை வளைத்துவிடலாம்.

முதலில் ஆட்கள். நீர் ஏறுகிறது என்றால் சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, குழந்தைகளையும் பெரியவர்களையும் மேடான பக்கம் இறக்க வேண்டும். பவர் விண்டோ நீரில் வேலை செய்யாமல் போகலாம்; அதனால் கண்ணாடி இறக்குவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆட்கள் பத்திரமான பிறகு வண்டி.

அடுத்து, வண்டியை நியூட்ரலில் போட்டு மேட்டுக்குத் தள்ளலாம். கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்க்கவே கூடாது. அதுவும் செல்ஃப் அடிப்பது போலத்தான். கரையேறியதும் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். வண்டியில் நீர் எந்த மட்டம் வரை ஏறியது என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் இன்ஷூரன்ஸுக்கு உதவும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் கயிறு கட்டி இழுக்காமல், மேலே ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டியை வரவழைப்பதுதான் நல்லது.

மெக்கானிக் ஷெட்டில்

நிறுத்தி வைத்த காரில் வெள்ளம் புகுந்ததா, ஓடும்போது நீரை இழுத்ததா என்பதுதான் நல்ல மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி. நின்ற வண்டி, பிறகு யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை என்றால், பிழைக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஓடும் வண்டி என்றால் ராடு மேல் சந்தேகம்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பார். உள்ளே காய்ந்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நனைந்திருந்தால் வேலை நீளும். டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறதா, மட்டம் ஏறியிருக்கிறதா என்று தெரியும். ஓடாமல் நின்ற இன்ஜினில் நீர் ஆயிலோடு கலந்திருக்காது, அடியில் தங்கியிருக்கும். கீழே டிரெயின் நட்டை மெல்லத் தளர்த்தினால் முதலில் வருவது தண்ணீர்தான்.

பிறகு இன்ஜெக்டர்களையோ ஹீட்டர் பிளக்குகளையோ கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். ஓட்டைகள் திறந்திருப்பதால் உள்ளே இருக்கும் நீர் அந்த வழியாகப் பீய்ச்சி அடிக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. தடையில்லாமல் முழுச் சுற்றும் சுற்றினால் நல்ல சகுனம். அந்த ஓட்டை வழியே கம்பி விட்டு, 4 பிஸ்டன்களும் ஒரே உயரத்துக்கு ஏறுகின்றனவா என்று பார்ப்பதும் உண்டு. ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அதன் ராடு வளைந்துவிட்டது. அப்புறம் இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும்.

எல்லாம் சரி என்றால் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, துருப்பிடிக்காமல் காப்பார். இது முதல் ஓரிரு நாளிலேயே நடக்க வேண்டும். “மழை விடட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றால் துரு காத்திருக்காது.

டர்போ உள்ள வண்டியில் இன்டர்கூலருக்குள் நீர் தேங்கி நிற்கும். அதைக் கழற்றி வடிக்காமல் ஸ்டார்ட் செய்தால், அந்த நீர் மறுபடி இன்ஜினுக்குள் போகும்; செய்த வேலை எல்லாம் வீண். டீசல் டேங்கையும் பார்க்க வேண்டும். நீரைவிட டீசல் லேசானது. புகுந்த தண்ணீர் அடியில் நிற்கும். இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில் டீசல் 1,600 பார் அளவு அழுத்தத்தில் பாய்கிறது. அதில் நீர் கலந்தால் இன்ஜெக்டரும் பம்பும் கெடும். ஆகவே டேங்கை வடித்து, ஃபில்டரை மாற்றிய பிறகுதான் பேட்டரி இணைப்பு.

இன்ஜின் உயிர் பெற்றதும் சில நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுவார்கள். ஆயிலில் பால் நிறம் தெரியும்வரை இரண்டு மூன்று தடவைகூட மாற்ற வேண்டியிருக்கும். கியர்பாக்ஸ் ஆயில், வீல் பேரிங், பிரேக், ஒயரிங் கனெக்டர்கள், கார்பெட்டுக்கு அடியில் தங்கிய ஈரம் என்று பட்டியல் நீளும். செய்யாற்று நீரில் மணலும் வரும் என்பதால் சுத்தம் செய்வதில் அவசரம் காட்டக் கூடாது.

ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்று முழுதாக நிம்மதி அடையவும் முடியாது. லேசாக வளைந்த ராடு, சில வாரம் கழித்து ‘டக் டக்’ என்று சத்தம் போட ஆரம்பிக்கும். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துவிடுவது பின்னால் வரும் பெரிய செலவைத் தடுக்கும்.

இன்ஷூரன்ஸ் என்ன சொல்லும்?

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் சொந்தக் காரின் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. முழுமையான பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் நீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் கெட்டது என்று தெரிந்தால், அது பின்விளைவுச் சேதம் என்று சொல்லி நிறுவனங்கள் மறுப்பது வழக்கம். அதற்குத்தான் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் தனியாக விற்கப்படுகிறது. ஆற்றங்கரை ஊர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் புதுப்பிக்கும்போது இதைக் கேட்டு வாங்குவது நல்லது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னை மக்கள் இதையெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியது அந்தப் பாடத்தால்தான்.

ஆயிரம் ஆண்டுப் பாடம்

மாகறலிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வரும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்ற அந்தக் கல்வெட்டு, ஏரி வாரியம் என்ற குழுவையும் குறிப்பிடுகிறது. நீரைக் கவனிப்பதற்கென்றே ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்த ஊர் அது. தண்ணீரை அலட்சியம் செய்யக்கூடாது என்பது இந்தப் பக்கத்துக்கு 1,100 ஆண்டுப் பழைய பாடம்.

செய்யாற்றில் வெள்ளம் போகும்போது உத்திரமேரூர் போயே தீரவேண்டியவர்களுக்குச் செங்கல்பட்டு, மதுராந்தகம் வழி இருக்கிறது. சுற்றுத்தான், டீசல் கூடுதலாகச் செலவாகும், சில மணி நேரம் போகும். வளைந்த ராடுக்கும் அடித்துச் செல்லப்படும் உயிருக்கும் முன்னால் அது பெரிய செலவு இல்லை. அவசரமில்லை என்றால் இன்னும் சுலபம். வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு, அடைக்கலம் காத்த நாதரைத் தரிசித்து, ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். எந்த மட்டத்தில் ஆற்றை நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதை அவர்களைவிடத் தெரிந்தவர்கள் யார்? அவர்கள் “இன்னைக்கு வேணாம்” என்று சொன்னால், வண்டியைத் திருப்பிவிட வேண்டியதுதான்.