தேய்க்காத காசு

பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கிப் பளபளவென்று வைப்பது நம் தமிழ்க் குடும்பங்களின் நல்வழக்கம். ஆனால் அவ்வழக்கத்தைப் பழைய நாணயத்தின்மீது காட்டலாகாது. இதனை நாம் ஏட்டில் படித்து அறிந்தோமில்லை. ஒரு பிழை செய்தே அறிந்தோம். அன்பர்களின் இல்லங்களிலும் பழங்காசுகள் உறங்கிக் கிடக்கக்கூடும் ஆதலின், அப்பிழையை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பை நாடிக் காரோட்டுக்கு வந்தவர். அந்நாளில் இப்பகுதி திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம். இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய் என்பது அக்காலக் கணக்கு. வாழைக்குலைகளைக் களியக்காவிளைச் சந்தையில் விற்று, தாம் மிச்சம் பிடித்த முதல் ரூபாயைத் தாத்தா ஆச்சியிடம் கொடுத்தாராம். ஆச்சி அதைச் செலவழிக்கவில்லை. ஒரு தாளில் மடித்து ஓலைப்பெட்டியில் வைத்துவிட்டார். பின்னாளில் வேறொரு ரூபாயும் அப்பெட்டியில் சேர்ந்தது.

முதற்காசு 1947ஆம் ஆண்டுக்குரியது. ஒரு புறம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை, மறுபுறம் புலி. அதற்கு முந்தைய ரூபாய்கள் வெள்ளி கலந்தவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தமையால், போர் முடிந்தபின் ரூபாயைத் தூய நிக்கலில் அடித்தார்கள். தாளுக்குள் எழுபது ஆண்டுகள் கிடந்த அக்காசின் நடுவில் இளம்பொன் நிறமும், விளிம்பில் நீலமும் படர்ந்திருந்தன. தாத்தாவின் நினைவு நாளில் மட்டும் ஆச்சி அதை வெளியில் எடுத்துப் பார்ப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்காக வீட்டைத் துப்புரவு செய்தபோது அக்காசு எம் கையில் அகப்பட்டது. புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் எம் கையில் நாள்தோறும் காசு புரள்கிறது. காசைப் பற்றி நமக்குத் தெரியாததா என்ற இறுமாப்பு வேறு. ஆச்சியை மகிழ்விக்க எண்ணி, புளியும் உப்பும் இட்டுத் தேய்த்து, மேலும் பற்பொடியால் துலக்கினோம். காசு வெள்ளை வெளேரென்று மின்னியது. பெருமிதத்தோடு ஆச்சியின் உள்ளங்கையில் வைத்தோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அந்தக் காசு இல்லையே, மக்களே" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கடிந்துகொண்டிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

அக்காசைப் பழைய நிலைக்குக் கொணர வழியுண்டா என்று கேட்கத் திருவனந்தபுரத்தில் உள்ள நாணய ஆர்வலர் ஒருவரை நாடிச் சென்றோம். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எம்மிடம் தந்தார். மன்னரின் முகமெங்கும் மயிரிழை போன்ற கீறல்கள்! "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்றார். அன்று அவரிடம் கற்கத் தொடங்கியதே இன்று எமது பொழுதுபோக்காகிவிட்டது.

நிக்கல் எளிதில் கறுக்காத உலோகம். எனினும் தாளிலும் காற்றிலும் உள்ள கந்தகமும் ஈரமும் அதன்மேல் மிக மெல்லிய படலத்தை ஆண்டுக்கணக்கில் உண்டாக்குகின்றன. படலத்தின் கனத்திற்கேற்பப் பொன்னிறமும் நீலமும் தோன்றும். சோப்புக் குமிழியில் நிறங்கள் தோன்றுவது போன்றதே இதுவும். அது அழுக்கன்று, உலோகத்தின் மேனியே அவ்வாறு மாறியது. அதைத் தேய்ப்பவர் காசின் மேனியையே தேய்க்கிறார்.

அமெரிக்காவில் ஐந்து சென்ட் நாணயத்திற்கே நிக்கல் என்று பெயர். அதில் நான்கில் மூன்று பங்கு செம்பு. நம் பழைய ஓரணாவும் பெரும்பாலும் அத்தகைய கலவையே. காந்தத்தை அருகே கொண்டு சென்றால் 1947ஆம் ஆண்டு ரூபாய் ஒட்டிக்கொள்ளும். அந்த அணா ஒட்டாது. நாணயத்தின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணிட்டுக் கூறும் முறையை ஷெல்டன் என்னும் அமெரிக்கர் 1949இல் வகுத்தார். புழக்கத்தில் தேயாத நாணயங்களுக்கு 60 முதல் 70 வரை எண் தருவர். தேய்த்துக் கீறிய காசுக்கு அவ்வரிசையில் இடம் கிடைப்பது அரிது.

பெட்டியிலிருந்த இரண்டாம் காசு, 1950 ஆகஸ்ட் 15இல் வெளியிடப்பட்ட வரிசையைச் சேர்ந்தது. அசோகச் சிங்கமும் கோதுமைக் கதிர்களும் பொறித்த நிக்கல் ரூபாய். அதன் பிடரி சற்று மழுங்கியிருந்தது. தேய்வென்று நாம் நினைத்தோம். "நிக்கல் கடினமானது, அச்சு முழுதும் பதியாமற் போவதுண்டு. பிடரியின்மேல் புதுக்காசின் ஒளி இருக்கிறதா என்று பாருங்கள்" என்றார் அந்த அன்பர். பார்த்தோம், ஒளி இருந்தது. எம் கை படாமையால் அது தப்பிற்று.

ஆகவே அன்பர்களே, பழங்காசு கிடைத்தால் புளியையும் சாம்பலையும் தூர வையுங்கள். விளிம்பை மட்டும் பிடித்து எடுங்கள். கடற்காற்று வீசும் நம் ஊர்களில் உப்பும் ஈரமும் அணுகாதபடி பாதுகாப்பது முதற்கடமை. மலிவான பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் வைத்தால் செம்பு கலந்த காசில் பசை போன்ற பச்சை படியும். பழங்காசுக்கு இலட்சம் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவரை நம்பவேண்டா. தன் பெயரைச் சொல்லி நடக்கும் இத்தகைய மோசடி குறித்து ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்துள்ளது.

இவை யாவற்றுக்கும் முன்னதாக, அக்காசை வைத்திருக்கும் முதியவரிடம் அது எப்படி வந்தது என்று ஒரு சொல் கேளுங்கள். நாம் அன்று கேட்டிருந்தால் புளியைக் கரைத்திருக்க மாட்டோம்.