நேற்றைய மாடும் இன்றைய மாடும்

மார்கழி 4

சினை ஊசி போட்ட தேதி கையில் இருந்தால் போதும், நாளை எண்ணிக்கொண்டே வந்தால் கன்று போடும் நாள் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தேதி இல்லாமல் எதுவும் நடக்காது என்பது உண்மை. ஆனால் அது காட்டுவது ஒரு நாளை அல்ல, ஒரு காலத்தை. பசுவின் சினைக்காலம் 280 நாளை ஒட்டியது. ஜெர்சி கலப்பு மாடு சற்று முந்தும். காங்கேயம் போன்ற நம் மாடுகள் பெரும்பாலும் சில நாள் பிந்தும். வயிற்றில் காளைக் கன்று இருந்தால் ஓரிரு நாள் கூடலாம், இரட்டைக் கன்று என்றால் குறையும். ஆக, பத்து நாள் முன்பின் என்பது இயல்பு. இருபது இரவு யாரும் கொட்டகையில் கண்விழிக்க முடியாது. அந்த இருபதை ஒன்றிரண்டு இரவாகச் சுருக்கத்தான் அறிகுறிகள். அவற்றில் எதுவும் தனியாக நின்று பேசாது என்பதே என் கட்சி. நேற்று இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் பேசும். அதனால் பார்ப்பதோடு நிறுத்தாமல் எழுதவும் வேண்டும்.

மார்கழி 6

எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது மடி. ‘மடி இறங்கிவிட்டது, இன்றோ நாளையோ’ என்று சொல்லிவிடுகிறோம். தலையீத்துக் கிடேரிக்குச் சினையின் நடுப்பகுதியிலேயே மடி மெல்லத் திரளத் தொடங்கும். கடைசி வாரங்களில் தொப்புள் வரை நீர் கோத்து வீங்குவதும் உண்டு. அதைப் பார்த்து அவசரப்பட்டால் பல இரவுத் தூக்கம் வீண். நாலைந்து ஈத்து கண்ட மாடோ, கடைசி இரண்டு நாள் வரை பெரிதாக ஒன்றும் காட்டாமலும் இருக்கும். ஒரே அறிகுறி, இரண்டு மாடுகளில் இரண்டு பொருள். ஆனால் நேற்று சுருங்கியிருந்த காம்பு இன்று விரைத்துப் பளபளத்தால், அது எந்த மாட்டிலும் செய்திதான்.

மடியைவிட நான் நம்புவது வாலடியை. முதுகெலும்பின் கடைசிப் பகுதியிலிருந்து பின்புற எலும்பு முனை வரை இருபக்கமும் தசைநார் ஓடுகிறது. சாதாரண நாளில் விரலால் அழுத்தினால் இழுத்துக் கட்டிய கயிறு போல விறைப்பாக இருக்கும். கன்று வெளியேற இடுப்பு வழி இளகியாக வேண்டும். கடைசி நாட்களில் சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரான் சரிந்து, ஈஸ்ட்ரோஜன் ஏற, தசைநார் தளர்கிறது. வாலின் இருபுறமும் குழி விழுகிறது, வாலடி எலும்பு தூக்கிக்கொண்டு தெரிகிறது. கடைசி ஒரு நாளில் அந்தக் ‘கயிறு’ விரலுக்கே அகப்படாது. ஆனால் மெலிந்த கிழட்டு மாட்டுக்கு அந்தக் குழி எப்போதும் உண்டு; கொழுத்த மாட்டில் குழி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கண் ஏமாறும் இடத்தில், தினமும் அதே இடத்தை அழுத்திப் பார்க்கும் கை ஏமாறாது.

மார்கழி 9

வெப்பமானி பற்றி. மாட்டின் உடல் வெப்பம் சுமார் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஈனுவதற்கு ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள் முன்பு அது அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை இறங்குவது வழக்கம். இவ்வளவு சிறிய இறக்கம் ஒரே ஒரு தடவை பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? காலையைவிட மாலையில் வெப்பம் இயல்பாகவே கூடுதல். நான்கைந்து நாள் ஒரே வேளையில் ஆசனவாயில் வைத்துப் பார்த்து எழுதினால்தான் இறக்கம் இறக்கமாகத் தெரியும். இன்னொன்று: வெப்பம் இறங்காவிட்டால் இன்றிரவு ஈனாது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். இறங்கினால் ஈனியே தீரும் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. காது சில்லிட்டு, எழ முடியாமல், கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருந்தால் அது ஈற்றின் அறிகுறியே அல்ல. கால்சியம் குறைந்து வரும் பால் காய்ச்சல். உடனே மருத்துவர் வேண்டும்.

மார்கழி 10

காட்டில் மான் ஈனவில்லையா, நம் பாட்டன்மார் ஏட்டில் எழுதியா மாடு வளர்த்தார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலான மாடுகள் யார் உதவியும் இல்லாமல்தான் ஈனுகின்றன. ஆனால் பாட்டன்மார் எழுதவில்லையே தவிர, ஒப்பிட்டார்கள். விடிந்தது முதல் இருட்டும் வரை மாட்டோடு இருந்தவர்களுக்கு நேற்றைய மாடு மனத்திலேயே இருந்தது. இன்று காலையில் ஒருவர் கறக்கிறார், மாலையில் இன்னொருவர் தீவனம் போடுகிறார். இருவரின் கண்ணையும் இணைப்பது அந்த ஒரு வரி எழுத்துதான். சிறிய உடல்கட்டுள்ள கிடேரிக்குப் பெரிய இனத்து விந்து போட்டிருந்தால், இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது.

மார்கழி 12

கடைசி மணி நேரங்கள். மந்தையை விட்டு ஒதுங்கும், படுத்துப் படுத்து எழும், வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், வாலைத் தூக்கியே வைத்திருக்கும், கண்ணாடி போன்ற வழும்பு கயிறாகத் தொங்கும். தண்ணீர்க்குடம் தெரிந்தபின் கணக்கு நாளில் இல்லை, நிமிடத்தில். இரண்டு முன்னங்கால்களும் குளம்பின் அடிப்பக்கம் கீழே பார்த்தபடி, மேலே மூக்குமாக வந்தால் கை வைக்காதீர்கள். அடிப்பக்கம் மேலே பார்த்தாலோ, அரை மணி நேரம் முக்கியும் ஒன்றும் நகராவிட்டாலோ, நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. சினை ஊசித் தேதியோடு அதையும் கொட்டகைச் சுவரில் எழுதிவையுங்கள்.