தேங்க்ஸ் எலியாரே!

பயோடெக் படிக்கிறேன்னு சொன்னா, 'லேப்ல தோல் வளர்ப்பீங்களா?'னு கலாய்க்கறாங்க பாஸ். நிஜமாவே வளர்த்தேன்! கொலாஜன் ஜெல்லில் தோல் செல்களைப் போட்டு, 37 டிகிரி சூட்டில் வெச்சு, குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டேன். ஒரே வாரம்... ஓரமெல்லாம் உயிர், நடுவே சாவு! 'இவ்வளவு தடிமனா ஊத்தினா சாப்பாடும் ஆக்ஸிஜனும் எப்படிப்பா உள்ளே போகும்?'னு சிரிச்சார் கைடு. அப்போதான் ரத்தக்குழாயோட அருமை உறைச்சுது.

நீங்க பூசுற க்ரீம் தோலோட நிக்குதா, ரத்தத்தில் கலக்குதா? குழாயே இல்லாத தோலால் இதுக்கு முழு பதில் சொல்ல முடியாது. அதனாலதான் எலியோட முதுகு முடியை வெட்டிட்டு, மருந்தைப் பூசிப் பார்க்கறாங்க. அழகுசாதனங்களை விலங்குகளிடம் சோதிக்க இந்தியா 2014-ல் தடை போட்டுருச்சு. ஆனா, மருந்துகளுக்கு இன்னும் எலிதான்.

அமெரிக்காவின் ரென்சலேர் பாலிடெக்னிக்கில் பங்கஜ் கராண்டே டீம், மனித செல்களை 'இங்க்' ஆக்கி, ரத்தக்குழாயோட தோலையே 3டி பிரின்ட் பண்ணிட்டாங்க. 2019-ல் வெளியான ஆய்வு இது. எலி உடம்பில் ஒட்டினதும், அதோட குழாய்களோடு இந்தக் குழாய்களும் கைகோத்து ரத்தம் ஓடுச்சு!

கவனிச்சீங்களா? எலியைக் காப்பாத்தப் போற தோலுக்கும், முதல்ல உடம்பு கொடுத்தது ஒரு எலிதான்.

அந்தக் கடனுக்காகவே, இந்த செமஸ்டரும் ஜெல் ஊத்தறேன். இந்த தடவை மெல்லிசா!