அக்காளின் வளையல்கள்

இறந்துபோனவர்களுக்கு இருப்பவர்கள் செய்யக்கூடியது யாது? இந்தக் கேள்விக்குப் புரோகிதர் ஒரு விடை வைத்திருக்கிறார். சலவைக்கல் வியாபாரி வேறொரு விடை வைத்திருக்கிறார். விடை தெரியாமல் திண்டாடுகிறவர்கள் வீட்டுக்காரர்கள்தாம். நம் குடும்பத்திலும் சென்ற ஆண்டு இந்தத் திண்டாட்டம் நேர்ந்தது. அதிலிருந்து நாம் மீண்ட விதம் நேயர்களில் சிலருக்கேனும் பயன்படலாம் என்று கருதியே இதை எழுதத் துணிகிறோம்.

நம் தமக்கையார் ஜயங்கொண்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். மார்பகப் புற்றுநோயினால் ஐம்பத்து நான்காம் வயதில் காலமானார். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டதை எட்டு மாத காலம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் நாம் கேட்டபோது, “வலிக்கவே இல்லையே, தம்பி! வலிக்காததை டாக்டரிடம் போய் என்னவென்று சொல்வது?” என்றார். அந்த வியாதியின் வஞ்சகமே அதுதான். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாத கட்டியைத்தான் முதலில் காட்டவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அந்த எட்டு மாதத்தில் மூன்று முறை அவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவர் இளைத்திருப்பதைக் கண்டோம், கண்டும் கேட்கவில்லை. “வேலை அதிகம் போலிருக்கிறது” என்று நினைத்துக்கொண்டு, அவர் பரிமாறிய முருங்கைக்கீரைக் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். பத்திரிகையில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் மனிதரின் இலட்சணம் இது!

வருஷாந்திரம் நெருங்கியபோது உறவினர் கூடினார்கள். பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை கட்டி அக்காளின் படத்தோடு கல் பதிக்கவேண்டும் என்றார் ஒருவர். ஐந்நூறு பேருக்கு அன்னதானம் என்றார் மற்றொருவர். அத்தான் ஒன்றும் பேசவில்லை. உள்ளே சென்று ஒரு பித்தளைச் செம்பை எடுத்துவந்து வைத்தார். அதில் அக்காளின் வளையல்கள் இருந்தன. “இது அவள் கையிலிருந்தது. இதை எதற்குச் செலவழித்தாலும் அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். நீங்களே யோசித்துச் சொல்லுங்கள், மாப்பிள்ளை” என்றார்.

மறுநாள் அதிகாலையில், அக்காளின் மகளை அழைத்துக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் புறப்பட்டோம். மனம் குழம்பும்போது அந்தக் கோயிலுக்குப் போவது அக்காளின் வழக்கம். முந்திரித் தோப்புகளைத் தாண்டியதும், வெறும் வயல்வெளிக்கு நடுவே அந்த விமானம் எழுந்து நிற்பதைக் கண்டால் எவருக்கும் ஒரு கணம் பேச்சு நின்றுவிடும். கங்கை வரையில் வென்ற இராஜேந்திர சோழனின் தலைநகரம் இது. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது இக்கோயில். ஆனால் அரண்மனை எங்கே? மதில் எங்கே? மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளம் இருக்கிறது. கோயில் மதிலின் கல்லையோ, 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர்கள் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். பேரரசன் வைத்த கல்லுக்கே இந்தக் கதி என்றால், பேருந்து நிறுத்தத்தில் நாம் பதிக்கும் கல் எம்மாத்திரம்?

இராஜேந்திரன் வெட்டிய ஏரியோ இன்றும் பொன்னேரி என்ற பெயரோடு இருக்கிறது. சோழகங்கம் என்பது அதன் பழைய பெயர். கங்கைநீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதை வருணிக்கிறது. வெற்றிக்குக் கல்தூண் நாட்டுவது உலக வழக்கம்; வயலுக்குப் பாயும் தண்ணீரையே தூண் என்று சொன்னவர்கள் நம் முன்னோர்.

இந்த அரசன் ஒரு பெண்மணிக்கு ஞாபகார்த்தமும் எழுப்பியிருக்கிறான். தந்தை இராஜராஜனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன்மாதேவி அவனுக்குச் சிற்றன்னை. அவருக்காக அவன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில் பழையாறைப் பகுதியில், பட்டீச்சுரத்தின் அருகே இருக்கிறது. அவன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு இன்னொரு செய்தியைச் சொல்கிறது: 270 இளைய மாணாக்கர், 70 மூத்த மாணாக்கர், 14 ஆசிரியர், இவர்கள் உண்டு படிப்பதற்கு 45 வேலி நிலம்! உபகாரச் சம்பளம் வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தது என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஆனால் அது வேதக் கல்லூரி; பெண்களுக்கு அங்கே இடமில்லை.

கோயிலின் வடக்கு வாசலில் சண்டேசருக்குச் சிவபெருமான் தலையில் மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. அதற்கு எதிரில் ஞான சரஸ்வதி. அந்த இடத்தில் அக்காள் நெடுநேரம் நிற்பாராம். “அம்மா பத்தாவதோடு படிப்பை நிறுத்திக் கலியாணம் செய்துகொண்டவர் அல்லவா, மாமா? இங்கே வந்தால் மட்டும், ‘நான் நர்ஸுக்குப் படித்திருப்பேன்’ என்று சொல்லுவார்” என்றாள் மகள். முப்பது ஆண்டுகளாக அக்காளோடு பேசியிருக்கிறோம். இந்தச் செய்தி நமக்குத் தெரியாது.

வேப்பமர நிழலில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு கதை சொன்னோம். நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

பம்பாயில் மெஹர்பாய் தாதா என்று ஒரு பெண்மணி இருந்தார். ஜாம்ஷெட்ஜி தாதாவின் மூத்த புதல்வர் தோராப்ஜியின் மனைவி. சேலை உடுத்தியபடியே டென்னிஸ் ஆடியவர். குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர். அவரிடம் 245 காரட் எடையுள்ள ஜூபிலி வைரம் இருந்தது. கோஹினூரைவிட இருமடங்கு பெரியது. 1924-இல் ஜாம்ஷெட்பூர் இரும்பாலை கூலி கொடுக்கவும் பணமின்றித் தத்தளித்தபோது, தோராப்ஜி தம் சொத்தோடு அந்த வைரத்தையும் ஈடு வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் பெற்றார். ஆலை பிழைத்தது. மெஹர்பாய் பிழைக்கவில்லை. 1931 ஜூன் 18-ஆம் தேதி, இரத்தப் புற்றுநோயினால் வேல்ஸ் நாட்டு மருத்துவ விடுதி ஒன்றில் காலமானார். அன்று உலகில் எந்த மருத்துவரிடமும் அந்நோய்க்கு மருந்து இல்லை.

தோராப்ஜி 1932-இல் மனைவியின் பெயரால் இரண்டு தருமநிதிகளை ஏற்படுத்தினார். ஒன்று, எந்த நாட்டவராயினும் இரத்தப் புற்றுநோயை ஆராய்பவர்களுக்கு உதவுவது. மற்றொன்று, இந்தியப் பெண் பட்டதாரிகள் வெளிநாடு சென்று சுகாதாரமும் சமூக சேவையும் படிக்க உபகாரச் சம்பளம் அளிப்பது. அதே ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி அவரும் கண்மூடினார். வைரமும் பின்னர் விலையாகித் தருமத்துக்கே போயிற்று.

“அவர்கள் கோடீசுவரர்கள், மாமா” என்றாள் மகள்.

நியாயமான ஆட்சேபம். ஆகவே இன்னொரு கதையும் சொன்னோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற ஏழை மாணாக்கர் படித்தார். காந்தியடிகளின் சொல்லை ஏற்றுக் கதர் அணிந்ததற்காக ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, உரிய பட்டத்தை இழந்தவர். மாமனார் கொடுத்த உதவியும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமநிதி காட்டிய ஆதரவும் கொண்டு அமெரிக்கா சென்றார். அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த மருந்தைக் கொண்டு, பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தார். சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகவேனும் தணிந்தது என்ற செய்தி 1948-இல் வெளியாயிற்று. மருந்தினால் அந்நோயை எதிர்க்கலாம் என்பதற்கு முதல் ஆதாரம் அதுதான். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் பெரும்பாலானவை குணமாகின்றன. இந்தக் காரியத்துக்கு வித்திட்டவற்றில் ஓர் ஊர்த் தருமநிதியும் ஒன்று!

சென்னை அடையாற்றை மட்டும் விட்டுவிட முடியுமா? புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் இடம் பெறுவதற்கே போராடி, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923-இல் தம் தங்கை சுந்தராம்பாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். டாக்டராயிருந்தும் காப்பாற்ற முடியாத வேதனையை அவர் முப்பது ஆண்டு மறக்கவில்லை. 1952-இல் நேருஜி அஸ்திவாரக் கல் நாட்ட, 1954 ஜூன் 18-ஆம் தேதி, பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. மெஹர்பாய் மறைந்த அதே தேதி என்பது தற்செயல்தான். ஆயினும் அதை நினைக்கையில் மனம் என்னவோ செய்கிறது.

கதை முடிந்ததும் மகள் சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, “அம்மாவின் வளையலில் ஒரு நர்ஸ் படிக்கட்டுமே, மாமா” என்றாள்.

வீடு திரும்பிச் சொன்னோம். அத்தான் தலையை அசைத்தார்; கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தைப் பாட்டிக்கு மட்டும் திருப்தியில்லை. “பெண்பிள்ளைகள் படிக்க இப்போது சர்க்காரே பணம் கொடுக்கிறதே! நீங்கள் வேறு எதற்கு?” என்றார். உண்மைதான், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்கு, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 2022-இல் தொடங்கிய திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. அதுவும் ஒரு பெண்மணியின் ஞாபகார்த்தமே. மிக நல்ல காரியம். ஆனால் விடுதிக் கட்டணம், சீருடை, புத்தகம் என்று செலவு நீளும்போது, பாதியில் படிப்பை விட்டு வீடு திரும்பும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் நம் போன்றவர்களின் சிறு தொகை.

கணக்கையும் ஒளிக்காமல் சொல்லுகிறோம். வளையல் விற்ற தொகையும், நிழற்குடைக்கும் விருந்துக்கும் உறவினர் தருவதாயிருந்த தொகையும் சேர்ந்து ஐந்து லட்சம் ஆயிற்று. அதை அறக்கட்டளையாகப் பதிவு செய்து வங்கியில் இட்டோம். நூற்றுக்கு ஆறரை வட்டியில் ஆண்டுக்கு 32,500 ரூபாய் வருகிறது. அதில் 25,000 ஒரு பெண்ணின் செவிலியர் படிப்புக்கு. மீதி 7,500 முதலோடு சேரும். இப்படிச் சேர்க்காவிட்டால், விலைவாசி ஏற ஏற மூலதனம் உள்ளூரத் தேய்ந்துவிடும். மாணவியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நம் குடும்பத்தினர் ஒருவர்தாம். மற்ற இருவரும் ஆசிரியைகள். ஜாதியோ உறவோ சிபாரிசோ உள்ளே நுழையாதிருக்க இந்த ஏற்பாடு.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம். பணம் பெறும் பெண் ஆண்டுக்கொரு முறை தன் தெருப் பெண்களைக் கூட்டி, வலிக்காத கட்டியை ஏன் அலட்சியம் செய்யக்கூடாது என்று எடுத்துச் சொல்லவேண்டும். இதை வற்புறுத்தியவர் அத்தான்.

சென்ற மாதம் முதல் மாணவி அதை நிறைவேற்றினாள். திண்ணையில் பதினேழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் நிற்கலாகாது என்று நம்மை வெளியே அனுப்பிவிட்டார்கள். தெருக்கோடியில் நின்று காத்திருந்தோம். கூட்டம் கலைந்தபோது, வயதான அம்மாள் ஒருவர் மட்டும் எழுந்திருக்காமல், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்து ஜயங்கொண்டம் அரசு மருத்துவமனைக்குப் பேருந்து ஏறினார்களாம். பரிசோதனையில் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

அக்காளிடம் நாம் கேட்கத் தவறிய கேள்வியை யாரோ ஒருவர் யாரிடமோ கேட்டுவிட்டார். அவ்வளவில் மனம் ஒருவாறு ஆறுதல் கொள்கிறது.