உணர்விழந்த விரல்கள்

மாமல்லபுரத்தில் உளியோசை இன்றும் கேட்கிறது. பல்லவர் கண்ட கற்கோயில்களைப் பார்க்கச் செல்வோர், தெருவோரத்தில் சிற்பிகள் அமர்ந்து கல் செதுக்குவதையும் காணலாம். சிறிது நேரம் செதுக்கியபின் சிற்பி உளியைக் கீழே வைத்து, விரல் நுனியால் கல்லை மெல்லத் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குப் புலப்படாத மேடு பள்ளத்தை விரல் அறிந்துவிடும். அவ்விரலுக்கு உணர்வில்லையாயின் என்ன ஆகும்? கல் பழுதாவது ஒருபுறம் இருக்கட்டும். உளி தவறி விரலைப் பிளந்தாலும் அவர் அறியாரே!

அத்தகைய விரலுடையார் பலர் வாழ்ந்த இடம் அவ்வூருக்கு மேற்கே, திருக்கழுக்குன்றத்தைக் கடந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955-இல் நடுவணரசு அதனை ஏற்றுத் தொழுநோய்க் கல்வி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதற்கு முன்பே, 1947-இல், தொழுநோய் அறிஞர் இராபர்ட்டு காக்ரேன் அழைக்க, பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் அங்கு வந்தார்.

பிராண்டு ஆங்கிலேயர்; ஆயினும் 1914-இல் நம் கொல்லிமலையிலே பிறந்தவர். மருத்துவம் கற்குமுன் தச்சு வேலையும் கொத்து வேலையும் பயின்றவர். ஆதலால் கையின் அருமை அவருக்கு நன்கு தெரியும். விரல் மடங்கிக் கிடந்த நோயாளி ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். சோர்ந்த கை என்று எண்ணியவருக்கு வலி பொறுக்க முடியவில்லை. அத்துணை வலிமை அந்தக் கையில் இருந்தது! தசை செத்துவிடவில்லை என்று அவர் உணர்ந்தார்.

பின்னர் ஒரு நாள், தம்மால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் எளிதில் திறந்ததைக் கண்டார். சாவி அவன் விரலை எலும்பு தெரியக் கிழித்திருந்தது, குருதி சொட்டியது, அவனோ அறியவில்லை. தொழுநோயால் சதை தானே அழுகி விரல் உதிர்கிறது என உலகம் நெடுங்காலம் நம்பியது. எத்தனை குடும்பங்களை அந்த நம்பிக்கை பிரித்தது! உண்மையில், வலி தெரியாமையால் தீயும் முள்ளும் கருவியும் செய்த காயங்களே விரல்களைத் தின்றன.

வலியை உணர்த்தும் நரம்பு எங்கே கெடுகிறது? தொழுநோயோடு வாழ்ந்து இறந்த ஒருவரின் உடலில், நரம்புகளைத் தோள்முதல் விரல்வரை பிரித்தெடுத்துப் பார்த்தார் பிராண்டு. நரம்பு முழுதும் வீங்கியிருக்கவில்லை. முழங்கைக்குச் சற்று மேலும், மணிக்கட்டிலும், முழங்காலை அடுத்தும், அது தோலை நெருங்கி ஓடும் இடங்களில் மட்டுமே பருத்திருந்தது. காரணம் குளிர்ச்சி. 1873-இல் ஹான்சன் கண்ட தொழுநோய்க் கிருமி, உடலின் வெப்பம் குறைந்த இடங்களையே நாடுவது.

அன்று நரம்பைக் காண, ஒருவர் இறக்க வேண்டியிருந்தது. இன்று மருத்துவர், செவிக்கு எட்டாத மீயொலி அலைகளைத் தோல்வழிச் செலுத்தி, உயிருள்ள நரம்பைத் திரையில் காண்கிறார். நலமான நரம்பின் குறுக்குத் தோற்றம் தேன்கூடு போல இருக்கும். நோயுற்றதோ பருத்து, அந்த அறைகள் மங்கித் தோன்றும். அழற்சி மிகுந்தால் அங்கே குருதி பாய்வதும் திரையில் தெரியும். தொழுநோயை இன்று மருந்தால் முற்றும் குணப்படுத்தலாம்; ஆனால் நெடுநாள் மாண்ட நரம்பை மீட்பது அரிது. வீக்கத்தை முன்னரே கண்டால், அதனைத் தணிக்கும் மருந்தைத் தொடங்கி உணர்வைக் காக்க வழியுண்டு. அதற்காக மருத்துவர்கள் கருவியை வைத்து அளக்கும் இடங்களுள் ஒன்று, முழங்கைக்குச் சற்று மேலே, பிராண்டு அன்று வீக்கம் கண்ட அதே இடமாகும்.