செட்டிநாடு என்றால் காரமா?

இன்றைக்கு எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் கண்ணில் படும் முதல் மூன்று போர்டுகளில் ஒன்றில் 'செட்டிநாடு' என்று இருக்கும். பி.காம் இரண்டாம் வருடம் படிக்கும் மூன்று நண்பர்கள் அப்படி ஒரு போர்டைப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தார்கள். மூவரில் ஒருவனுக்குக் காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம். ஒரு வருடமாக ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டித் திட்டி, "எங்க ஊர்ச் சாப்பாடு மாதிரி வருமாடா?" என்று பெருமை பேசியவன் அவன்தான். அதனால் அன்றைய ட்ரீட்டும் அவன் தலையில் விழுந்தது.

ஒருவன் சுத்த சைவம். அவனுக்கு 'செட்டிநாடு வெஜிடபிள் மசாலா' வந்தது, மற்ற இருவருக்கும் சிக்கன். ருசி பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு கிண்ணத்திலும் ஒரே சிவப்புக் கிரேவி. ஒன்றில் கோழி, இன்னொன்றில் காலிஃபிளவர், அவ்வளவுதான் வித்தியாசம்! சைவக்காரன் மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தான். (நண்பர்களே, மிளகாயின் எரிச்சல் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அடுத்த முறை தயிர் கேளுங்கள்.) கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உங்க ஊர்ல யாருக்கும் நாக்கே கிடையாதா மச்சான்?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். காரைக்குடிக்காரன் சிரிக்கவில்லை. பேசாமல் பில்லைக் கட்டிவிட்டு வந்தான். அன்றிலிருந்து ஊர்ப் பெருமை பேசுவதையே நிறுத்திவிட்டான்.

ஹோட்டல்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. காமர்ஸ் மாணவர்களுக்கு அது சட்டென்று புரியும். காலையில் ஒரு அண்டா கிரேவி போட்டு வைத்தால் நாள் முழுக்க எதை வேண்டுமானாலும் அதில் போட்டுப் புரட்டிக் கொடுக்கலாம். ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாக வறுத்து அரைக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். மிளகாய்த்தூளுக்கு இரண்டுமே வேண்டாம். ஆனால் அதற்கு ஒரு சீமையின் பெயரை வைப்பதுதான் இடிக்கிறது.

ஏனென்றால் அந்தச் சமையலின் உயிர் வாசனையில் இருக்கிறது. பட்டை, கிராம்பு, சோம்பு, மிளகு, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, கல்பாசி... எதையும் அளவோடுதான் போடுவார்கள். இதில் ஒரு வேடிக்கை, மழை குறைந்த அந்த வறண்ட சீமையில் பட்டையோ கிராம்போ மிளகோ விளையாது. மிளகு மலையாளக் கரையிலிருந்து வரவேண்டும், பட்டை இலங்கையிலிருந்து. அன்னாசிப்பூவின் தாயகம் தென்சீனமும் வியட்நாமும். பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் தாண்டித் தொழில் செய்த நகரத்தார் வீடுகளில் வளர்ந்த ருசி அது. மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்து சுமார் 500 வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்பு நம் ஊரில் உறைப்பு என்றால் மிளகுதான்!

பொங்கல் லீவில் காரைக்குடிக்காரன் இருவரையும் ஊருக்கு அழைத்தான். ரோஷம்தான் காரணம், வேறென்ன? வீட்டுக்குப் போகும் முன்பு காரைக்குடியிலேயே ஒரு சின்ன மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனான். நான்கு பெஞ்சு, வாழையிலை, மெனு கார்டு கிடையாது. பரிமாறியது ஒரு வயதான ஆச்சி.

முதலில் வெண்டைக்காய் மண்டி வந்தது. அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, வெண்டைக்காய் போட்டுக் கொதிக்க வைப்பது. கீழே கொட்டுகிற தண்ணீரில் ஒரு குழம்பு! கோடீஸ்வரர்கள் கட்டிய மாளிகைகளுக்குப் பேர்போன ஊரில் இப்படி ஒரு சிக்கனம். பிறகு சோம்பு தாளித்த உருளைக்கிழங்கு வறுவல், வாழைப்பூ வடை, கடைசியில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்ட கறுப்புக் கவுனி அரிசி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ருசி. வெண்டைக்காய் வெண்டைக்காயாகவே இருந்தது.

சைவக்காரன் பேசவே இல்லை. மண்டியை மூன்றாம் முறை கேட்டபோதுதான் வாயைத் திறந்தான்.

"இந்த உருளைக்கிழங்குல ஏதோ ஒரு வாசம் வருதே, என்ன ஆச்சி அது?"

ஆச்சி உள்ளே போய், காய்ந்த மரப்பட்டைச் சிராய் மாதிரி கருப்பாக எதையோ கொண்டு வந்து அவன் கையில் வைத்தார். கல்பாசி. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து பாறையிலும் மரத்திலும் வளரும் ஒரு உயிர். அவன் முகர்ந்து பார்த்தான்.

"வாசமே பெருசா இல்லையே?"

"எண்ணெய் காயணும் தம்பி. அதுல விழுந்தாத்தான் அது வாயத் தொறக்கும்."

அவன் அதைத் திருப்பித் தரவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சாப்பிட்டு எழுந்து பில் கட்டப் போன காரைக்குடிக்காரனைத் தள்ளிவிட்டு, பணத்தை அவனே கொடுத்தான். வெளியே வந்ததும், "உங்க வீட்டுலயும் மண்டி வைப்பாங்களாடா?" என்றான்.

"அப்பத்தா வைக்கும். இத விட நல்லா இருக்கும்."

ஒரு வருடம் கழித்து மறுபடியும் பெருமை ஆரம்பமானது.