தந்தையின் கம்பளி

பொம்மனஹள்ளியில் நாங்கள் குடியேறிய புது வீட்டின் கூடத்தில் ஒரு சுவர் வெறுமையாக இருந்தது. ஈரானின் கஷ்காய் நாடோடிகள் நெய்த பழைய கம்பளி விரிப்புகளைச் செல்வர்கள் தம் இல்லச் சுவர்களில் மாட்டி அழகு பார்க்கும் படங்களை என் மகள் எங்கோ கண்டிருந்தாள். "நம் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே, அப்பா!" என்று பெட்டிக்குள்ளிருந்து தாத்தாவின் கருங்கம்பளியை எடுத்து வந்தாள்.

1978-இல் கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த என் தந்தையார், ஓசூர்ச் சாலைத் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலராக இருந்தார். முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியது அக்கம்பளி. மார்கழிப் பனியில் அவருக்குப் போர்வை, மழையில் குடை, பகலில் பிள்ளைகள் எங்களுக்குப் பாய்.

அதை நெய்வோர் கன்னட நாட்டுக் குருபர். 'குரி' என்றால் கன்னடத்தில் ஆடு. நம் அகராதிகளிலும் 'கொறி' என்னும் சொல் அப்பொருளில் உண்டு. சித்திரதுர்க்க மாவட்டத்துச் சள்ளகெரே இந்நெசவுக்குப் பேர்போன ஊர். தக்காணத்து ஆட்டின் முரட்டு மயிரைப் பெண்டிர் நூற்க, ஆடவர் குழித்தறியில் நெய்வர். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை பூசுவர். சாயமில்லை, ஆட்டின் கருமையே கம்பளியின் கருமை. திருமணத்திலும் வழிபாட்டிலும் அதை விரிப்பது அவர்கள் மரபு. பானிப்பட்டு ஆலைகளின் மலிவான போர்வைகள் வந்தபின் தறிகள் பல ஓய்ந்துவிட்டன.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் நான் ஒரு பிழை செய்தேன். சட்டம் போடுபவர், "மூலையில் உள்ள ஒட்டு அழகைக் கெடுக்கிறது, ஒரு சாண் வெட்டினால் அளவும் சரியாகும்" என்றார். தலையசைத்துவிட்டேன்.

மாட்டிய அன்று மாலை என் அன்னையார் சுவரையே பார்த்து நின்றார். "அந்த மூலை எங்கே, கண்ணு?" என்றார். குளிர்காய மூட்டிய நெருப்பில் பொசுங்கிய இடம் அது; மறுநாள் இரவுக் காவலுக்குள் அவர் ஒட்டுப் போட்டுத் தைத்தது. வேறொன்றும் அவர் சொல்லவில்லை. காலையில் கடைக்கு ஓடினேன். துண்டு குப்பையோடு போயிருந்தது.

அலுவலகத்துப் பழங்கோப்புகளில் ஒரு தாளும் கிழியாமல் காக்கும் எழுத்தன் நான். என் வீட்டுக் கோப்பை நானே வெட்டினேன்.

சட்டத்தைக் கழற்றினோம். வெட்டிய விளிம்பைப் பாட்டியும் பேத்தியுமாக மடித்துத் தைத்தனர். இப்போது அது அன்னையாரின் கட்டிலில் கிடக்கிறது.

ஊர்விட்டு வந்த நம் இல்லங்கள் பலவற்றில் இத்தகைய பொருள் ஒன்றேனும் இருக்கும். அழகுக்கு வைப்பதில் தவறில்லை. கத்தரிக்கோலை எடுக்குமுன் வீட்டு முதியோரை ஒரு வார்த்தை கேளுங்கள். சுவருக்கு வேண்டுமெனில் நெசவாளரிடமே புதியதொன்று வாங்குங்கள். ஒரு தறியாவது ஓடும்.